நாற்பத்தேழு பேருக்கும் வெள்ளிக்கிழமை

ஆடி மாதம், 2011

என் பஞ்சு மாமாவுக்கு,

கமலம்மா கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆடு ரெண்டும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. இனிமேல் உனக்கு மூட்டுவலி கிடையாது, மழை வருமா வராதா என்கிற கவலை கிடையாது, என் வாயும் கிடையாது. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பஞ்சு மாமா என்பது உன் தலை பஞ்சாக வெளுத்த பிறகு நான் வைத்த பேர். வீட்டுக்குள்ளே யாரும் கேட்காமல் கூப்பிட்டே பழக்கம், எழுதிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு இதற்காவது ஆகட்டும். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று போஸ்ட்மேனைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்னை நேராக அந்த மூளை ஆராய்ச்சிக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டுவிடுவார். அது என்ன ஆராய்ச்சி என்றால், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளை வேன் ரேஷன் கடை முன்னால் வந்து நின்றது. சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து, கையில் காகிதத்தோடு யார் வேனைவிட்டு இறங்கினாலும் வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நம் ஜனங்களுக்கு நினைப்பு. அரை மணி நேரத்தில் பத்தாவது சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஒன்பது பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். இறங்கின பெண்ணுக்குப் பெயர் சிவசங்கரி, சித்தூர்க்காரி. நம்ம பொண்ணு சந்தியா குவைத்துக்குப் போனபோது இருந்த வயசு இருக்கும். ஐம்பத்தைந்து வயசுக்கு மேலே இருப்பவர்கள்தான் வேண்டும் என்று அவள் சொன்னதும் வரிசை கலைந்துபோனது. எதிர்வீட்டு வீராசாமி மட்டும் முன்னால் வந்து நின்றார்.

"எந்த வயசும்மா வேணும்? ரேஷன் கார்டுல ஒண்ணு கீது, பென்ஷனுக்கு எழுதினது ஒண்ணு கீது, கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குக் குடுத்தது ஒண்ணு கீது."

"நிஜமான வயசு சொல்லுங்க தாத்தா."

"அத்த யாரும் எழுதி வெக்கிலியேம்மா."

அப்புறம் அவள் எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி சொன்னாள். திருப்பதியிலிருந்து வருகிறார்களாம். மனுஷருக்கு ஞாபகம் எப்படிக் குறைகிறது, எதனால் குறைகிறது என்று பார்க்கிறார்களாம். மறதி இருக்கிறவர்களும் வேண்டும், நன்றாக இருக்கிறவர்களும் வேண்டும். மனசாக வர வேண்டும், கட்டாயம் இல்லை, நடுவில் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். ஊசி கிடையாது, கேள்வி மட்டும்தான். ஒரு வாரத்துக்குள் நாற்பது பேர் சேர்ந்தால் நம் ஊரில் முகாம், ஐந்து வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் வருவார். சேராவிட்டால் முகாம் வேறு ஊருக்குப் போய்விடும். இதற்குள் கூட்டத்தில் யாரோ, மூளையை வெளியே எடுத்துக் கழுவிப் பார்ப்பார்களாம் என்று கிளப்பிவிட்டார்கள். வீராசாமி துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். பக்கத்து வீட்டு ரத்னம்மா சும்மா இருப்பாளா?

"ஏய்யா, உன் மண்டையத் தொறந்து பாத்தா அவங்களுக்குத்தான் வேன் சார்ஜி தண்டம்!"

எல்லாரும் போன பிறகு நான் அந்தப் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். கடைசி ரெண்டு வருஷம் நீ வீராசாமி வீட்டில் போய்ச் சோறு கேட்டு உட்கார்ந்ததும், ஊர் சிரித்ததும், ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா, இருட்டறதுக்குள்ள போயிடு, உன் வூட்டுக்காரன் தேடிக்கினு இருப்பான்" என்று சொன்னதும், எல்லாம் சொன்னேன். யாரிடமும் காட்டவில்லையா என்று கேட்டாள். ஏன் காட்டவில்லை, நாலு கோயில், மந்திரிக்கிறவர் ரெண்டு பேர், உன் கழுத்திலும் கையிலும் கட்டின கயிற்றைச் சேர்த்தால் ஒரு மாட்டையே கட்டலாம் என்றேன். அடுப்பில் நீ தண்ணீரைக் கொட்டின அன்று உன் கையில் அடித்தேனே, அதையும் சொன்னேன். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

"அது நோயிம்மா. அதுக்குப் பேரே இருக்குது. அவரு எதுவும் வேணும்னு செய்யல. நீங்க அடிச்சதும் தெரியாம செஞ்சதுதான்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனிக்காரர்கள் யாரும் இப்படிக் கையைப் பிடித்ததில்லை. நாற்பது பேரையும் நானே சேர்த்துவிடுகிறேன், நீ போம்மா என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். இந்த ஊரில் இன்னொருத்தருக்குக் கயிறு கட்டக் கூடாது மாமா, அவ்வளவுதான் என் எண்ணம்.

சொல்லிவிட்டேனே தவிர, நாலு நாளில் சேர்ந்தது நாலு பேர். அதில் ஒன்று நான். இன்னொருத்தர் சின்னசாமி, அவருக்குக் காது கேட்காததால் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஐம்பத்தைந்துக்கு மேல் ஆளுக்கு நம் ஊரில் பஞ்சமா? பிள்ளைகள் எல்லாம் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் போனபிறகு, பூட்டு தொங்காத வீட்டில் இருப்பது அந்த வயசுதான். ஆனால் ஒவ்வொருத்தரும், பையனைப் போனில் கேட்டுச் சொல்கிறேன், மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். கல்யாணச் சம்பந்தம் பேசக்கூட நான் இவ்வளவு படி ஏறினதில்லை. ஐந்தாம் நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழாத குறையாக நின்றேன். ரத்னம்மா ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"கமலா, வர மாட்டேன்றவங்க பேர தனியா எழுதி வெச்சுக்கோ. ஏற்கனவே மண்ட கழண்டவங்கதான் டெஸ்ட்டுக்குப் பயப்படுவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சி."

அந்தப் பெண் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் விளக்கு வைப்பதற்குள் நம் வாசலில் கூட்டம். "எம் பேர எழுதிட்டியா?", "எங்க வூட்டுக்காரர் பேர மொதல்ல போடு", "எங்க மாமியார் பேர மட்டும் போடாத, மானம் போயிடும்." வீராசாமி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "எந்த வயசு வேணுமோ நீயே போட்டுக்கம்மா" என்றார். ஆக மொத்தம் நாற்பத்தேழு பேர்.

முகாம் வெள்ளிக்கிழமை, நல்ல நாள். பள்ளிக்கூடத்தில் நாலு மேசை போட்டு நாலு பெண்கள் உட்கார்ந்தார்கள். சிவசங்கரி எல்லாருக்கும் பி.பி. பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். முதல் ஆளாக நான் போய் உட்கார்ந்தேன். மேசைக்காரப் பெண் கேட்ட முதல் கேள்வியே, உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன. மாமா, முப்பத்தொன்பது வருஷத்தில் உன் பேரை நான் வாயால் சொன்னதுண்டா? மலைக்கு வைத்த பேரை உனக்கும் வைத்துவிட்டு உன் அம்மா நிம்மதியாகப் போய்விட்டாள், பட்டது நான். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நீ மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்க, நான் "மேலே" என்று கையைத் தூக்கிக் காட்ட, அவன் "அந்த மேலைக்கு நா தெக்கர டிக்கெட் லேதம்மா" என்றானே, சொர்க்கத்துக்குத் தன்னிடம் டிக்கெட் இல்லையாம், பஸ்ஸே சிரித்ததே, அதெல்லாம் எதனால்? ஓட்டுப் போடுகிற இடமானாலும், ரேஷன் ஆபீசானாலும், பேர் கேட்டால் நாங்கள் பின்னால் நிற்பவளைத்தான் கூப்பிடுவோம். அதன்படி ரத்னம்மாவைக் கூப்பிட்டேன். அவள் உள்ளே வந்து, செத்தவரே எழுந்து வருகிற மாதிரி "திருமலை!" என்று கத்தினாள். வந்தவள் போகவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வெள்ளி" என்றாள் ரத்னம்மா.

"நீங்க சொல்லக் கூடாதும்மா. அவங்கதான் சொல்லணும்."

"அவளுக்குத் தெரியும்மா, வாயில வர்ல. புருசன் போன துக்கம் கீது இல்ல?"

நானும் வெள்ளி என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். பட்டிக்காட்டுக்காரி இவ்வளவு கரெக்டாகச் சொல்கிறாளே என்று ஆச்சரியம் போலிருக்கிறது. அப்புறம் ஐந்து வார்த்தை சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றாள். பானை, மாம்பழம், ரயில், குடை, கிளி. ரத்னம்மா பக்கத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள், நான் எப்படித் தோற்பேன்? அடுத்து அவள் உட்கார, அவள் புருஷன் பேரை நான் சொன்னேன், "கருப்பன்" என்று. இப்படியே ஒருத்திக்கு ஒருத்தி துணை. துணைக்குப் போனவள் வெளியே வந்து வரிசையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல, மத்தியானத்துக்குள் வேப்பமரத்தடியில் எல்லாரும் வாய்ப்பாடு மாதிரி, பானை மாம்பழம் ரயில் குடை கிளி, பானை மாம்பழம் ரயில் குடை கிளி. ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னசாமி உள்ளே போய் உட்கார்ந்ததும், அந்தப் பெண் வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே "கிளி" என்றாராம். கடிகாரம் வரைந்து காட்டச் சொன்னதற்கு வீராசாமி தன் செல்போனை வரைந்து, அதற்குள்ளே மணி எழுதிக் கொடுத்தார். முள் எங்கே தாத்தா என்று கேட்டால், "அத்தெல்லாம் பழைய மாடலும்மா" என்கிறார்.

ஆகவே மாமா, நாற்பது கேட்டதற்கு நாற்பத்தேழு கொடுத்தாகிவிட்டது. எல்லாரும் நன்றாகச் சொன்னோம். நம் ஊரில் ஒருத்தருக்கும் மறதி இல்லை என்று தெரிந்துபோனது. முகாம் நம்மை விட்டுப் போகாது, நீ நிம்மதியாக இரு. அங்கே உன் அப்பா அம்மாவைப் பார்த்தால் என் கும்பிடைச் சொல்லவும். உன் அக்காவைப் பார்த்தால், நான் இளைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவும், சந்தோஷப்படுவாள். குளிரில் நிற்காதே. யார் வீட்டிலாவது சோறு போட்டால் கூச்சப்படாமல் துன்னு.

இப்படிக்கு,
உன் பேரை இன்னும் சொல்லாத
கமலம்மா

பின்குறிப்பு: மேலே எழுதினது அத்தனையையும் அடித்துவிடு. நாலு நாள் கழித்து இதை எழுதுகிறேன். பெரிய டாக்டர் திருப்பதியிலிருந்து போன் செய்தார். "அம்மா, மீ ஊர்லோ எவரிகீ மதிமருபு லேதா?" என்று கேட்டார். ஒருத்தருக்கும் மறதி லேது சார் என்று பெருமையாகச் சொன்னேன். அப்போதுதான் சொன்னார், முகாம் நடந்தது வியாழக்கிழமையாம். நாற்பத்தேழு பேரும் ஒரே வாயாக வெள்ளி என்று சொல்லியிருக்கிறோம். ரத்னம்மாவின் மருமகள் அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாளாம், அதைப் பார்த்து இவள் வெள்ளி என்று முடிவு செய்திருக்கிறாள். காகிதம் முழுக்க ரத்து. முகாம் போய்விட்டதே என்று நான் போனிலேயே அழுதுவிட்டேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. "இவ்ளோ பேரு மனசா வந்த ஊரை விட்டுட்டு நாங்க எங்கம்மா போவோம்?" என்றார். வருகிற செவ்வாய் மறுபடி வருகிறார்கள். ஒவ்வொருத்தராகத்தான் உள்ளே போக வேண்டும், கதவைச் சாத்திவிடுவார்கள். புருஷன் பேரை ஓட்டர் கார்டில் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

எனக்கு மட்டும் தனியாக ஒரு நீலத் தாள் வந்திருக்கிறது. அந்த நோய் இருந்த வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுப்பது. அதில் முதல் கேள்வி, அவர் முதலில் மறந்தது எதை என்று. சத்தியவேடு சந்தைக்குச் சைக்கிளில் போய், சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தாயே, அதை எழுதினேன். அப்புறம் பார்த்தால், அதற்கு முந்தின வருஷமே, சந்தியாவைக் குவைத்துக்கு ஏற்றிவிட்டு வந்த வாரம், பொண்ணு இன்னும் சோறு துன்ன வரவில்லையே என்று கேட்டாய். அதைப் பாசம் என்று நினைத்து நானும் கூட உட்கார்ந்து அழுதேன். சைக்கிளை அடித்துவிட்டு இதை எழுதினேன். இதற்கும் முன்னால் ஒன்று இருந்திருக்கும், நான் பார்க்காதது, நீ சொல்லாதது. இதையும் அடித்துவிட்டேன். தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும்.

மாமா, நீ முதல் முதலில் மறந்தது என்ன?