சிவப்புக் கெலிப்பரும் கருகிய தேயிலையும்

இரவல் கார் வாங்கியவன் செய்ய வேண்டிய ஒரே வேலை, திருப்பிக் கொடுக்கும்வரை சும்மா இருப்பதுதான். எனக்குச் சும்மா இருக்க வராது. இருபத்தாறு வயதில் அந்த வியாதி முற்றியிருந்தது.

எழுபதுகளின் கடைசி, இலங்கை மலைநாடு. அப்புத்தளைக்குக் கீழே, பெரகலைக்கு இறங்கும் பாதையில் இருந்த ஒரு தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் நான் சின்ன டீமேக்கர்; கொழுந்தைக் கருகாமல் பதமாகக் காயவைத்துத் தூளாக்குவது என் பொறுப்பு. பதுளையில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற சரோஜாவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (அன்று பந்தியில் மூன்று தரம் சோறு வாங்கியது வேறு விஷயம்.) தரகர் போய்ப் பேசினார். பெண்ணின் அப்பா பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிளாக்கர். என்னைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்; சனிக்கிழமை ரயிலில் வருகிறாராம்.

அவரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர, என் மேலதிகாரி பெரிய டீமேக்கர் தன் காரைக் கொடுத்தார்.

"கழுவி எடுத்துட்டுப் போ. வேற ஒண்ணும் செஞ்சிறாத" என்றார். என்னை நன்றாக அறிந்தவர்.

கழுவினேன். அப்போதுதான் முன்சக்கரத்து ஓட்டைகள் வழியாகத் துருப்பிடித்த இரும்பு ஒன்று கண்ணில் பட்டது. சக்கரத்தோடு சுற்றும் தகட்டை இருபுறமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பிரேக் கெலிப்பர். பெண்ணின் அப்பா குனிந்து இதைப் பார்த்துவிட்டால்? (எந்த மனிதன் சம்பந்தம் பேச வந்த இடத்தில் சக்கர ஓட்டைக்குள் எட்டிப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.)

ஆயுத பூஜைக்கு முந்திய வாரம் அது. பேக்டரியில் ஒவ்வொரு மெஷினையும் மண்ணெண்ணெயில் துடைத்து, பெயிண்ட் அடித்து, சுற்றுகிற பாகத்துக்கெல்லாம் கிரீஸ் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த முறையிலேயே என் குவார்ட்டர்ஸ் வாசலில் காருக்கும் செய்தேன். முன்சக்கரங்களைக் கழற்றி, தீயணைக்கும் வாளிகளுக்கென்று வாங்கிய சிவப்பு பெயிண்டைக் கெலிப்பருக்கு இரண்டு பூச்சு அடித்தேன். பக்கத்தில் பார்த்தால் அந்தத் தகடு பாவம், வறண்டு கிடக்கிறது. சுற்றுகிற எதையும் வறட்சியாக விடலாமா? விரலால் அள்ளி அள்ளி இரண்டு தகட்டுக்கும் கிரீஸ் பூசினேன். பிறகு கெலிப்பருக்குப் பொட்டும் வைத்தேன்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்திலிருந்து அப்புத்தளைவரை ஒரே ஏற்றம், பிரேக்குக்கு வேலையே இல்லை. ஸ்டேஷன் வாசலில் கார் தானாகவே களைத்து நின்றது. கிளாக்கர் ஐயா கறுப்புக் குடையோடு வந்து முன்சீட்டில் ஏறினார். "வாங்க மாமா" என்றேன். (சம்பந்தம் முடிவாகவில்லை. நானாக வைத்த உறவு.)

இறக்கத்தில் முதல் வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது; கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். அந்த மழைக்காலக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தம்பி, உங்க வீட்டுல யாருக்காச்சும் சக்கரை வருத்தம் இருக்கா?" என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

"இல்லீங்க மாமா."

ஹேண்ட்பிரேக் தேய்ந்து கருகும் வாசம் உள்ளே வந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"தேயிலை கருகுற வாசமா இருக்கே. உங்க பேக்டரிதானா?"

ஒரு டீமேக்கரிடம் கேட்கக்கூடாத கேள்வி. பிரேக் இல்லை என்று சொன்னால் சரோஜா போய்விடுவாள். தேயிலை என்று சொன்னால் மானம் மட்டும்தான் போகும்.

"ஆமாங்க மாமா" என்றேன்.

அடுத்த வளைவில் எங்கள் தோட்டம். பள்ளத்துப் பக்கம் போனால் மூன்று மலை தள்ளித்தான் எங்களைப் பொறுக்க வேண்டும். மேட்டுப் பக்கம் திருப்பினேன். கார் பாதையோரத் தண்ணீர்க் கானைத் தாண்டிக் குதித்து, இரண்டு வரிசைத் தேயிலையைச் சாய்த்துவிட்டு நின்றது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை என்று தெரிந்ததும் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்:

"நம்ம சின்ன டீமேக்கர் ஐயா கொழுந்தெடுக்கக் காருல வந்துட்டாருடி!"

மலை முழுக்கச் சிரித்தது. கிளாக்கர் ஐயா இறங்கினார். குடையை ஊன்றிக் குனிந்தார். சக்கர ஓட்டைக்குள் எட்டியே பார்த்தார்.

"பெயிண்ட் நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றவர், உள்ளே விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "இந்தக் கிரீஸ்?"

"நான்தாங்க."

"அப்ப அந்தக் கருகல் வாசம்?"

"அதுவும் நான்தாங்க."

அவர் குடையை விரித்துக்கொண்டு ஏற்றத்தில் ஸ்டேஷனை நோக்கி நடந்தார். சரோஜா என்னை விட்டு நடந்து போவதாகவே எனக்கு இருந்தது. அத்தனை பெண்கள் முன்னால் கண் கலங்கிவிட்டது.

பெரிய டீமேக்கர் காரை மன்னித்தார். தன் பேக்டரித் தேயிலை கருகியதாகச் சொன்னதை ஓய்வு பெறும்வரை மன்னிக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தரகர் பதில் கொண்டுவந்தார்: "கேட்டதும் தம்பி தப்பை ஒத்துக்கிட்டாரே, அது போதுமாம். பொண்ணு குடுக்கிறாராம். ஆனா பொண்ணு பஸ்ஸுலதான் வருமாம்."

கல்யாணம் முடிந்து பஸ்ஸில்தான் வந்தோம். மாமா கடைசிவரை என் வண்டி எதிலும், சக்கரத்தை விரலால் தொட்டு மோந்து பார்க்காமல் ஏறியதில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் அடுப்பில் தோசை தீய்ந்தால், சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வரும்: "கருகுற வாசமா இருக்கே. உங்க பேக்டரிதானா?"

செய்தித்தாளை இறக்காமல் நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்.

"ஆமாங்க மாமா."