ஒன்பது கிலோமீட்டர் பார்வை

காலையில் நான்கு கோடு காட்டிய இன்டர்நெட், பத்து மணிக்கு ஒற்றைக் கோடாக இளைத்திருந்தது.

"நேத்துத்தானே பூட்டுனாங்க! அதுக்குள்ள கோளாறா?" யூஜினா டீச்சர் கம்ப்யூட்டரை முறைத்தார்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டப் பாடசாலைக்கு யாரோ ஒரு புண்ணியவான் பன்னிரண்டு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருவார். அதற்குள் இன்டர்நெட் ஓடாவிட்டால் பன்னிரண்டும் வேறு பாடசாலைக்குப் போய்விடும்.

டீச்சர் விடுகிற ஆளா? உயரமாக என்ன இருக்கிறது என்று மலை மலையாகத் தேடினார். இந்தப் பக்கம், பாடசாலையை ஒட்டி, மூடிக் கிடக்கும் நாலு மாடித் தேயிலைத் தொழிற்சாலை; தோட்டத்தில் அதற்கு ஸ்டோர் என்று பெயர். அந்தப் பக்கம் கொட்டகலையில், இன்டர்நெட் கேபிள் வந்துவிட்ட இன்னொரு ஸ்டோர். நடுவே ஒன்பது கிலோமீட்டர் வெறும் காற்று. ஹட்டனிலிருந்து வந்த டெக்னீஷியன் விஜிதரன் இரண்டு கூரையிலும் ஒவ்வொரு சட்டி ஆன்டெனாவைப் பூட்டினான்.

"இந்த அலைக்குத் தண்ணிதான் எதிரி டீச்சர். ஈர மரம் குறுக்க நின்னாலும் குடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சட்டி பூட்டிய அன்றைக்கே ஸ்டோர் காவல்காரர் வீரய்யாவிடம் டீச்சர் பெருமையடித்துக்கொண்டார்.

"அந்த மலையோட பார்வை நேரா நம்ம சட்டி மேல விழுதுண்ணே. கொஞ்சங்கூடத் தப்பாது."

வீரய்யா நெஞ்சில் கை வைத்தார். "ஒம்பது கிலோமீட்டர் பார்வையா டீச்சர்?"

வியந்து போய்விட்டார் என்று டீச்சருக்கு மகிழ்ச்சி.

இனி அந்தக் கூரையில் வீரய்யாவைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவு. கீழிருந்து பார்த்தால் சட்டியின் முதுகுதான் தெரியும்.

"அண்ணே, ஏறிக் கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க!" கோடு இளைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சர் கீழே நின்று கத்தினார்.

வீரய்யா சாக்கு மூட்டையோடு ஏறினார். ஸ்பேனர், சுத்தியலாக இருக்கும் என்று டீச்சர் நினைத்தார். மேலே ஏதோ உருட்டும் சத்தம். நான்கு கோடும் துள்ளி வந்தன!

"வந்திருச்சு! கைய எடுத்துட்டு இறங்குங்க!"

அவர் இறங்குவதற்குள் நான்கும் போய், பழைய ஒற்றைக் கோடும் விட்டுவிட்டுத் துடித்தது.

புதன்கிழமை, குறுக்கே நின்ற சவுக்கு மரம்தான் குற்றவாளி என்று தீர்மானமாயிற்று. தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையாவைக் கெஞ்சிக் கிளையை வெட்ட, அது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்க் குழாய் மேல் விழுந்து குழாய் உடைந்தது. ஆறாம் நம்பர் லயமே வெறுங்குடத்தோடு வந்து நின்று சட்டியைப் பார்த்து ஏசியது.

"ஊரே பாக்குது டீச்சர்" என்று வீரய்யா முணுமுணுத்துக்கொண்டு ஏறினார். மூட்டை நேற்றையதைவிடப் பெரிது. மறுபடியும் நான்கு கோடு துள்ளியது, இறங்கியதும் படுத்துவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

வியாழக்கிழமை டீச்சர் பத்தடி பைப் வாங்கிச் சட்டியை இன்னும் உயர்த்தச் சொன்னார். இப்போது பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டி எட்டிப் பார்த்தார்கள். வீரய்யா மூச்சு வாங்க இன்னொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கோடு என்ற ஒன்றே இல்லை.

வெள்ளிக்கிழமை. கீழ் வளைவில் அதிகாரியின் ஜீப் ஹோர்ன் அடித்தது. பிள்ளைகள் முழுகிக் குளித்து, தலை சீவி, பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கு முன்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் டீச்சருக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு நேரமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.

"தொரை ஏசினா ஏசட்டும். நானே ஏறிப் பாக்கிறேன்!"

வீரய்யா ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"வேணாம் டீச்சர், நான் பண்ணாத வைத்தியமா? பார்வை விழுதுன்னு நீங்க சொன்னதுலேர்ந்து, சட்டி மூஞ்சிக்கு நேரா நீத்துப் பூசணி கட்டுறேன், நாளுக்கு நாள் பழசக் கழட்டிட்டுப் பெருசாத்தான் கட்டுறேன், இப்பத் தொங்குறது பதினாறு கிலோ... அப்பவும் இந்தக் கண்ணு கழிய மாட்டேங்குதே!"