நடுகல்லிடம் நான் கேட்ட கேள்வி

முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வெளியில் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. பக்கத்துத் துறைக்காரர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்பது எங்களில் யாருக்குமே புரியாது. தலையை மட்டும் ஆட்டுவோம். அப்படியே தலையாட்டிக் காலத்தை ஓட்டியிருக்க வேண்டிய நான், ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டேன். (திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.)

அப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணிதத் துறையில் இருந்தேன். தகுதிகாண் பருவம் முடிகிற நேரம். வேலையை நிரந்தரமாக்குவதா, பெட்டியைக் கட்டச் சொல்வதா என்பது தாளாளர் கையில். இதற்குள் ஊரில் அப்பா, “பையன் பர்மனென்ட் ஆயிட்டான்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். தாளாளரின் கார் சத்தம் கேட்டாலே சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பல்துறைக் கருத்தரங்கம் வந்தது. ஓர் அரங்கில் ப்ரொஜெக்டர் படுத்துவிட்டதால் விலங்கியல், வணிகவியல், தமிழ் எல்லாவற்றையும் இன்னோர் அரங்கில் ஒன்றாக அடைத்துவிட்டார்கள். மதிய அமர்வுக்குத் தலைமை தாங்க வேண்டியவரின் கார் தொப்பூர் மேட்டில் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. மூலையில் பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்த என்னை முதல்வர் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பிஎச்டி முடிச்சிட்டீங்கதானே?”

“முடிச்சிட்டேன் சார். ஆனா அது கணக்குல...”

“எதுலயா இருந்தா என்னங்க? மேடையில போயி உக்காருங்க. ஒவ்வொருத்தரு பேசி முடிச்சதும் தலைவரு ஒரு கேள்வியாவது கேக்கணும், அது நம்ம காலேஜ் வழக்கம். தாளாளர் முன்வரிசையில இருக்காரு, பாத்துக்கங்க.”

அந்தப் ‘பாத்துக்கங்க’வில் எனக்குப் பாதி உயிர் போயிற்று. நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் மீதியும் போயிற்று. பட்டுப்புழு நோய், சந்தை வியாபாரிகளின் கைபேசிப் பணப்பரிமாற்றம், நடுகல். எனக்குத் தெரிந்ததோ புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் வராமல் பார்த்துக்கொள்வது. (கோலம் என்று நினைத்துவிடாதீர்கள். கோலமாவது வாசலுக்கு அழகு.)

அறைத்தோழன் முருகேசன் புள்ளியியல் துறை. அவனிடம் ஓடினேன்.

“எதுக்குடா இப்படி வேத்து ஊத்துது?” என்றான். “எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான். ‘உங்க சாம்பிள் சைஸ் என்ன?’ மொத்தம் எத்தனைய எடுத்து ஆராய்ஞ்சீங்கன்னு கேட்டா, எந்தத் துறைக்காரனும் ஆடிப்போயிடுவான்.”

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தது போல இருந்தது.

முதலில் பட்டுப்புழுக்காரர். அவர் பேசியதில் ‘புழு’ என்ற சொல் மட்டும் விளங்கியது. முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். மனிதர் வெலவெலத்துப் போய், “நானூறு புழுங்க சார்” என்றார். “போதுமா?” என்று புருவத்தைத் தூக்கினேன். “இன்னும் கூட்டிக்கிறேங்க சார்” என்றார் பாவம். அடுத்து வந்த சந்தை ஆராய்ச்சிக்காரருக்கும் அதே கேள்வி, அதே புருவம். தாளாளர் முதல்வரிடம் குனிந்து, “தம்பி விவரமா இருக்காரே” என்றது என் காதிலேயே விழுந்தது. அப்பா சொன்ன பொய் உண்மையாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாகப் பூங்கொடி என்ற தமிழ் ஆய்வு மாணவி வந்தார். கம்பைநல்லூர் பக்கம் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் கிடந்த நடுகல்லைப் பற்றிப் பேசினார். ஊர் மாடுகளை மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவனுக்கு ஊரார் நட்ட கல் அது. அதைத்தான் பல காலமாகத் துணி துவைக்கப் போட்டிருந்தார்களாம். அவர் சொல்லச் சொல்ல அரங்கமே கப்சிப் ஆனது. பின்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. நான் மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை. தாளாளரின் முகத்தைப் பார்த்தபடி என் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அவர் முடித்தார். நான் மைக்கை இழுத்தேன்.

“உங்க சாம்பிள் சைஸ் என்ன?”

“ஒரு கல்லுங்க சார்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் வாய் நிற்குமா?

“ஒண்ணே ஒண்ண வெச்சு எப்படிம்மா ஒரு முடிவுக்கு வர முடியும்?”

பூங்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“செத்தது ஒருத்தருதாங்க சார். இன்னும் நாலு பேரைச் சாகச் சொல்லணுங்களா?”

அரங்கம் அதிர்ந்தது. பட்டுப்புழுக்காரர்தான் முதலில் கைதட்டியவர். எனக்குக் கோட்டுக்குள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூங்கொடி விடவில்லை.

“நீங்க எந்தத் துறைங்க சார்?”

“கணிதம்.”

“உங்க ஆராய்ச்சியில சாம்பிள் சைஸ் எவ்வளவுங்க?”

கணிதத்தில் ஏதம்மா சாம்பிள்? “இல்லீங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டுத் தொலைத்தது.

தாளாளர் எழுந்து வந்தார். நேராகப் பூங்கொடியிடம் போய், அது தன் அம்மா பிறந்த ஊர்ப் பக்கம் என்றும், அந்தக் கல்லுக்கு ஒரு கூரை போட்டுத் தருவதாகவும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க விஷயமா இன்னிக்கு முடிவு சொல்லலாம்னு இருந்தேன் தம்பி. ஆனா ஒரே ஒரு அமர்வ வெச்சு எப்படிங்க ஒரு முடிவுக்கு வர முடியும்? இன்னும் ஆறு மாசம் பாப்போம்.”

அந்த ஆறு மாதம் நான் பட்ட அவஸ்தையைச் சொல்லி மாளாது. வேலை நிரந்தரமானது. அதற்குள் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கல்லைப் பார்க்கப் போய், கூரை போடுவதைப் பார்க்கப் போய், போட்ட கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போய், கடைசியில் பூங்கொடி வீட்டுக்கே அப்பா அம்மாவோடு போய் நின்றேன்.

அவர் அம்மாவுக்கு என்னைப் பார்த்ததில் திருப்தி இல்லை. மகளை உள்ளே கூப்பிட்டு, எங்கள் காதில் விழும்படியே கிசுகிசுத்தார்.

“ஒரே மாப்பிள்ளையப் பாத்துட்டு முடிவு பண்றதா? இன்னும் ரெண்டு எடம் பாக்கலாம் புள்ள.”

“வேணாம்மா,” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “சாகறதுக்கு ஒருத்தரு போதும்.”

என் மாமியார் இதை இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து சொல்கிறார். எல்லாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கி, அந்த ஒருத்தர் எங்கே என்று தேடுகிறார்கள். நான்தான் என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிறேன்.