எல்லாம் உன் பொறுப்புதான், சாவி மட்டும் என்னிடம்

ஒப்படைப்பாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். "இனிமே எல்லாம் உங்க பாடு, என்னை விட்டுடுங்க" என்று வருஷத்துக்கு நாலு தரம் சொல்லிவிட்டு, ஐந்தாவது தரம் சொல்வதற்காகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பார்கள்.

நம்மவர் எட்டு ஏக்கர் தோட்டத்தை மகளிடம் ஒப்படைக்கத் திட்டம் போடுகிறவர். போட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. இதற்கென்றே ஒரு நீல அட்டை ஃபைல், அதற்குள் பாத்தி பாத்தியாக வரைபடம், எந்த மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல். பத்திரம் எழுதுகிறவர் வந்து வந்து போனதில் வீட்டு நாய்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தால் போதும், நம்மவருக்குப் புதிதாக ஒரு நிபந்தனை உதிக்கும். கடைசியாக உதித்தது, மோட்டார் ரூம் சாவி தன் ஆயுள்வரை தன்னிடமே இருக்க வேண்டும் என்பது. தண்ணீர் திறக்க முடியாத தோட்டத்தை வைத்துக்கொண்டு மகள் என்ன செய்வாள்? படம் பிடித்துச் சுவரில் மாட்டுவாளா?

காலை ஐந்து மணிக்கு, "சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவார். அந்தச் "சும்மா"வை நம்பாதீர்கள். மகள் மூடிய வால்வைத் திறப்பார், திறந்ததை மூடுவார், அவள் கட்டிய கொடியை அவிழ்த்துத் தன் முடிச்சைப் போடுவார். போன மாதம் ஒரு வாரம் அவள் சாவியைக் கேட்டு வாங்கி மாலைதோறும் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விட்டாள். விடிகாலைதோறும் இவரும் விட்டார். இரண்டாயிரம் நாற்றும் அழுகிவிட்டன.

"மண்ணு சரியில்ல" என்றார். நாற்பது வருஷமாக ஊரெல்லாம் அவரே மெச்சிய மண்!

அடுத்த முறை பத்திரக்காரர் வந்தபோது மகள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, நர்சரி ஒண்ணுல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"நீ போயிட்டா இங்க யாரு பாத்துக்குவா?"

"நான் இருந்தா மட்டும் யாருப்பா பாத்துக்குறா?"

பத்திரக்காரர் பேனா மூடியை அக்கறையாக ஆராய்ந்தார். நம்மவரின் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "கையெழுத்தைப் போடுங்க. இல்லன்னா தோட்டத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!"

நம்மவருக்கு ஒரே மகள். அவள் போய்விட்டால் தோட்டம் எவன் கைக்கோ போய்விடும். நிபந்தனையை அடித்தார், கையெழுத்தைப் போட்டார், சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கண் கலங்கிவிட்டது, பாவம். அந்தக் கண்ணீர் நிஜம். பழைய ஷூவுக்குள் இன்னொரு சாவி இருந்ததும் நிஜம்.

மறுநாள் ஐந்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு சும்மா போனார். திருப்பிப் பிடித்தார், குலுக்கினார், ஊதிப் பார்த்தார். சாவி நுழையவே இல்லை. பூட்டு புத்தம்புதுசு!

"என்னப்பா?" மகள் பின்னால் நின்றாள்.

"சும்மாதாம்மா."

"சும்மாதானே? அந்தக் கடைசிப் பாத்தியில களை எடுங்க."

போய் உட்கார்ந்து இரண்டு பிடி பிடுங்கியிருப்பார். தலைக்குமேல் குரல் கேட்டது.

"அப்படிப் பிடுங்காதீங்கப்பா, வேரோட வரணும். முதல்ல அந்த ஓரத்துலேருந்து... அட, விடுங்க, நானே எடுத்துக்குறேன்!"

நம்மவர் அண்ணாந்து மகளைப் பார்த்தார். மண்ணிலேயே சப்பணமிட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆறு வருஷம் யோசித்து எழுதிய பத்திரத்தில் இல்லாத சொத்து ஒன்றும் சேர்ந்து கைமாறிவிட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள், நல்லது. அடுப்படியை மருமகளிடம் விட்டுவிட்டு உப்புப் பார்க்க மட்டும் எட்டிப்பார்க்கிறவர் நீங்கள் இல்லையே? ஓய்வு பெற்றபின் பழைய ஆபீசுக்குப் போய், உங்கள் நாற்காலியில் இருப்பவன் தோளுக்குப் பின்னால் நிற்கிறவர்? இல்லவே இல்லையா? சந்தோஷம். எதற்கும் அந்தப் பழைய ஷூவை ஒரு தரம் உதறிப் பாருங்கள்.