கடலுக்கு முதல் பந்தி

"தாங்கள்தான் முதலில் மதகில் கை வைக்க வேண்டும்."

"அபசாரம்! விருந்தாளி கை நனைக்காமல் நான் எப்படித் தொடுவேன்?"

"நானா விருந்தாளி? தங்கள் நாற்காலி எங்கள் மண்ணில் அல்லவா இருக்கிறது!"

"அதன் பின்னங்கால்கள் எங்கள் மண்ணில் இருக்கின்றன. நன்றாகக் குனிந்து பாருங்கள்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மதகுக்குக் கீழே நின்றிருந்த வடிவாச்சிக்கு எரிச்சலாக வந்தது. அவளுடைய நாற்று நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இந்த வாரத்துக்குள் பிடுங்கி நடாவிட்டால் அது மாட்டுக்குத்தான் ஆகும். நடவு இல்லையென்றால் வருஷம் முழுக்க அவள் வீட்டில் உலை இல்லை. மதகைத் திறக்கும் அதிகாரமோ மேலே குனிந்திருந்த இருவருக்குத்தான் இருந்தது. ஒருவர் குன்றநாட்டு நீரமைச்சர் வில்லவராயர். மற்றவர் வண்டல்நாட்டு நீரமைச்சர் அருளாளர்.

நீலி ஆற்றின் இடது கரை குன்றநாடு, வலது கரை வண்டல்நாடு. நடுவே ஓர் அணை, அதில் ஒரே மதகு. அதைத் தூக்கினால் இரு கரை வாய்க்கால்களுக்கும் தண்ணீர் பாயும். அரசர்கள் அதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். எந்தப் படை ஜெயித்தாலும் முதல் காரியமாக மதகைத் தூக்கி மேளம் கொட்டும். தோற்றவன் வாய்க்காலை அடைக்க வேண்டும் என்பது அந்தக் கொண்டாட்டத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. ஜெயித்தவனும் விதைத்தான், தோற்றவனும் விதைத்தான்.

பிறகு ஒரு நாள் அரசர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கூட்டு நீர் ஆணையம் பிறந்தது. அதன் கொள்கை இதுதான்: 'இரு நாடுகளும் ஒன்றையொன்று விருந்தாளியாக நடத்தும்.' விருந்தாளி சாப்பிடத் தொடங்காமல் வீட்டுக்காரர் இலையில் கை வைப்பது இரு நாட்டிலும் பெரும் பாவம். அங்கேதான் வந்தது வினை.

விருந்தாளி யார் என்று முடிவாகும் வரை மதகு மூடியிருக்கும் என்று முதல் ஆணை வந்தது. வடிவாச்சி அணையிலிருந்து குடத்தில் மொண்டு போய் நாற்றுக்கு ஊற்றினாள். உடனே இரண்டாவது ஆணை வந்தது: விருந்தாளிக்கு முன்னால் தண்ணீர் மொள்வது நட்புக்கு அவமானம். இரு நாட்டுக் காவலர்களும் ஒற்றுமையாக வந்து குடத்தைப் பறித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள்.

"என்னா வடிவாச்சி, ஒங்க அமைச்சருக்குக் கையில சுளுக்கா?" என்றான் எதிர்க்கரை வாழைத்தோட்டக்காரன் செங்கோடன். தண்ணீர்ச் சண்டையில் அவளை ஏழு தலைமுறைக்கும் ஏசியவன்.

"ஒங்காளு மட்டும் என்னவாம்? மறுவீடு வந்த மாப்பிள்ள கணக்கா ஒக்காந்திருக்காரு!"

"வாழை குருத்தே சுருண்டு போச்சு. ஒன்ன ஏசக்கூடத் தெம்பு இல்ல போ."

அன்று மலையில் மழை கொட்டி அணை நிரம்பியது. வடிவாச்சியும் செங்கோடனும் முகம் மலர்ந்து அணைக்கு ஓடினார்கள். மேலே ஆணையம் அவசரமாகக் கூடியிருந்தது.

"தீர்வு கிடைத்துவிட்டது!" என்றார் வில்லவராயர். "கடல் நம் இருவருக்குமே அந்நியர். ஆகவே அவரே விருந்தாளி."

"அற்புதம்! முதல் பந்தி கடலுக்கே," என்றார் அருளாளர், கண்ணைத் துடைத்தபடி.

கடலுக்குப் போகும் உபரிநீர்க் கால்வாயின் கதவை இரு அமைச்சர்களும் சேர்ந்தே திறந்தார்கள். அணை மளமளவென்று இறங்கியது. விருந்தாளி போதும் என்று சொல்லும் வரை பரிமாற வேண்டும் என்பதும் அந்நாடுகளின் வழக்கம். கடல் போதும் என்று சொல்லவில்லை.

அமைச்சர்கள் மாலை மாற்றிக்கொண்டு பல்லக்கில் ஏறினார்கள். வடிவாச்சி வழியை மறித்து நின்றாள். செங்கோடன் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"உன் குறை என்னம்மா?" என்றார் அருளாளர் கனிவாக.

"கொற ஒண்ணும் இல்லீங்க சாமி. ரெண்டு ராசாமாரும் நல்லா இருக்கட்டும். இந்த வாரம் மட்டும், பெருசா வேணாம், சின்னதா ஒரு சண்டை போட்டுக்கச் சொல்லுங்களேன்."