தம் போட்ட லென்ஸ்

"ஏனுங்க, அடுப்புக் கிட்டப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா, இல்லையா?"

அண்டாவின் முன்னால் நின்ற அமீரின் தலையில் ஹெல்மெட் இருந்தது. "அதுக்குத்தானே சுரையா இதை மாட்டியிருக்கேன்! இனி புகை எப்படி வரும்?"

அமீருக்கு வலது கருவிழியில் புண். இமை உரசி உரசி அது ஆறவே மாட்டேன் என்றது. குன்னூர் டாக்டர் பவர் இல்லாத மெல்லிய லென்ஸ் ஒன்றைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல் அதன்மேல் வைத்து அனுப்பினார். லென்ஸை எடுக்கும்வரை சமையல்கட்டுப் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் இன்று மகள் மெஹ்ரினைப் பெண் பார்க்க வெலிங்டனிலிருந்து வருகிறார்கள். தன் கையால் பிரியாணி போட்டால் சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிடும் என்று ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அமீர் மனதார நம்பினார்.

"நெய்ச்சோறு ஆக்கி வெச்சிட்டனுங்க. நீங்க போய் உக்காருங்க" என்று கெஞ்சினாள் சுரையா. யார் கேட்டது?

குளிரில் ஹெல்மெட் கண்ணாடி மூச்சுக்காற்று பட்டு வெளுத்துப்போனது. உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இன்னொரு கை அள்ளிப் போட்டார். கண்ணாடியைத் தூக்கினார். வெங்காயம் வேலையைக் காட்டியது. தாரைதாரையாகக் கண்ணீர். துடைத்துக்கொண்டே அண்டாவை மூடித் தம் போட்டு நிமிர்ந்தவருக்குத் திடுக்கென்றது.

"மெஹ்ரின்! கண்ணுல லென்ஸ் இருக்கான்னு பாரும்மா!"

மெஹ்ரின் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். "காணோம் அத்தா!"

இவ்வளவு நேரம் குனிந்து நின்றது அண்டாவுக்கு மேலே. வேறு எங்கே விழுந்திருக்கும்?

"போனாப் போகுது, உடுங்க" என்றாள் சுரையா.

கட்டின புருஷனுக்குக் கண் போகிறது, இவள் போனால் போகிறது என்கிறாளே! அமீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்மைப் பிரித்தார். பிரியாணியைத் தாம்பாளங்களில் கொட்டிப் பருக்கை பருக்கையாக விலக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வெலிங்டன்காரர்கள் வந்து நின்றார்கள்.

"என்ன பாய் தேடறீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அத்தா ஹாஜா.

"ஏலக்காய்ங்க... வாயில மாட்டுமில்லீங்களா?"

"அட, எனக்கும் அது ஆகவே ஆகாதுங்க!" ஹாஜா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை சஃப்வானும் உட்கார்ந்தான். பெண் பார்க்க வந்தவர்கள் ஏலக்காய் பொறுக்கினார்கள்.

சஃப்வான் சோற்றிலிருந்து மெல்லிசாக ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். "இது என்னங்க மாமா?"

"லென்ஸ்! என் கண்ணு லென்ஸ்!"

கத்திய பிறகுதான் அது வெங்காயத் தோல் என்று தெரிந்தது. ஹாஜா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "சோத்துக்குள்ள கண்ணு லென்ஸுங்களா?"

சஃப்வானின் முகம் கோணியது. மெஹ்ரினுக்கு அழுகை முட்டியது. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று அமீர் இடிந்துபோனார்.

"சம்பந்தம் கெடக்கட்டும், உங்க கண்ணுக்கு ஏதாச்சும் ஆயிரப் போகுது. ஆஸ்பத்திரியில கேக்கறேன்" என்று மெஹ்ரின் போனை எடுத்தாள்.

"வேண்டாம் புள்ளே! போனை வை!" சுரையா பாய்ந்து வந்தாள். அதற்குள் ஸ்பீக்கரில் நர்ஸ் பிரிஸில்லாவின் குரல் வீடெல்லாம் கேட்டது.

"லென்ஸா? புண்ணு ஆறிடுச்சுன்னு, வியாழக்கிழமை கண்ணைக் காட்ட வந்தப்பவே எடுத்தாச்சேம்மா! மரத்துப்போற மருந்து ஊத்தியிருந்ததால அவருக்குத் தெரியல. தெரிஞ்சா பிரியாணி செஞ்சு இந்தச் சம்பந்தத்தையும் ஓட்டிருவாரு, விருந்து முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்னு உங்க அம்மாதான் கையெடுத்துக் கும்பிட்டாங்க!"