மட்டை வள்ளல்

மனிதர்களில் ‘மட்டை வள்ளல்’ என்றொரு இனம் உண்டு. இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கிரிக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் ஓயமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர். அவர் மட்டையைப் பிடிக்கிற அழகைப் பார்த்தால், வீட்டில் துடைப்பத்தைக்கூடத் தொட்டதில்லை என்று தெரிந்துவிடும். அதனால் என்ன? கொடுக்கிற கைக்கு ஆடவும் தெரிய வேண்டுமா?

பத்து மணி விழாவுக்குப் பிள்ளைகளை எட்டு மணிக்கே வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, தான் பன்னிரண்டுக்கு வந்து இறங்கி, சின்ன வயதில் எப்போதோ அடித்த ஒரே ஒரு பவுண்டரியை முக்கால் மணி நேரம் வர்ணித்து, அதற்குள் இரண்டு பிள்ளைகள் மயங்கிச் சாய, “பாருங்க, எவ்வளவு உணர்ச்சிவசப்படுறாங்க!” என்று மைக்கிலேயே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு ஆளுக்கொரு மட்டை. பந்து? அது இரண்டாம் கட்டம்.

போன மாத விழாவில் ஒரு சின்னத் தடங்கல். எங்கள் தெருத் தையற்காரம்மாவின் மகள் மட்டையை வாங்காமல் நின்றாள். வெறுங்காலோடு ஓடிவந்து அவள் பந்து போட்டால் மீசை முளைத்தவர்களே ஒதுங்கி நிற்பார்கள்.

“சார், நான் பௌலர். சனிக்கிழமை மாவட்ட செலக்‌ஷன் இருக்கு. ஷூ இல்லேன்னா உள்ளயே விடமாட்டாங்க. இதுக்குப் பதிலா ஒரு ஜோடி ஷூ கிடைக்குமா?”

வள்ளல் சிரித்த முகம் மாறாமல் குனிந்தார்.

“பாப்பா, ஷூ கால்ல கிடக்கும். அதுல என் பேரை எங்க போடுறது? பேட்டைப் பாரு, எவ்வளவு இடம் இருக்கு!”

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமாம்மா?” என்று விழாக்குழுச் செயலாளர் எடுத்துக்கொடுத்தார். கைதட்டல். மட்டை அவள் கையில் திணிக்கப்பட்டது. படம் எடுத்தாயிற்று.

சனிக்கிழமை அவள் அந்த மட்டையோடுதான் போனாள். வாசலிலேயே காலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது கடந்துவிடும். வள்ளலோ அன்று மாலையே, ‘நாளைய வேகப்பந்து நட்சத்திரத்துடன் நான்’ என்று படத்தை இணையத்தில் ஏற்றினார். எண்ணூறு பேர் இதயம் போட்டார்கள்.

சிரிக்கிறீர்களே, அந்த எண்ணூறில் நீங்கள் எத்தனையாவது ஆள்? போகட்டும், அவள் கால் அளவு என்னவென்று ஒருவராவது கேட்டீர்களா? எனக்கும் தெரியாது. படம் எடுத்தவன் நான்தான். வெறுங்கால் விகாரமாகத் தெரியுமே என்று இடுப்புக்கு மேலே எடுத்தேன்.